அரசர் தோட்டத்துக் கிளிஞ்சல்கள்

பாரீஸ் நகரில் செய்ன் ஆற்றின் இடது கரையில் 'ழார்தேன் தே பிளாந்த்' என்றொரு தாவரத் தோட்டம் இருக்கிறது. அதை ஒட்டிய மூன்று தெருக்கள், அங்கே வேலை பார்த்த மூன்று பேரின் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன: புஃபோன், குவியே, ழொஃப்ருவா சேந்திலேர். அதே தோட்டத்தில் உழைத்த நான்காமவர் ஒருவருக்கும் பாரீசில் தெரு உண்டு. ஆனால் அது தோட்டத்தின் பக்கத்தில் இல்லை. நகரின் வடபகுதியில், மோன்மார்த்ர் குன்றில் இருக்கிறது. அந்த நான்காமவர் லமார்க்.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பரிணாமப் பாடம் படித்த எவருக்கும் லமார்க்கைத் தெரியும். உயரத்தில் இருந்த இலையை எட்டிப் பறிக்க முயன்று முயன்று ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து நீண்டது என்று சொன்னவர். அவர் சொன்னது தவறு. சரியாகச் சொன்னவர் டார்வின். அரைப் பக்கத்தில் முடிந்துவிடும் இந்தப் பாடத்தில் பெரிய அநியாயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. 1859-இல் டார்வினின் புத்தகம் வருவதற்கு நூறாண்டுக்கு முன்பே, உயிரினங்கள் மாறுகின்றனவா என்ற கேள்வி முளைவிட்டு, சண்டையும் கண்ணீருமாக வளர்ந்தது. அது வளர்ந்த இடங்களில் முதன்மையானது இந்தத் தோட்டம்.

தொடக்கத்தில் அது மூலிகைத் தோட்டம். பதிமூன்றாம் லூயி மன்னரின் மருத்துவர் கீ த லா பிரோஸ் 1626-இல் அரசாணை வாங்கி அமைத்தது. 1640-இல் பொதுமக்களுக்கும் கதவு திறந்தது. 1739-இல் புஃபோன் அதன் நிர்வாகியாக வந்தபிறகு அதன் தலையெழுத்தே மாறியது. 1788-இல் சாகும்வரை, ஏறக்குறைய அரை நூற்றாண்டு, அவர்தான் அங்கே எல்லாம். பக்கத்து நிலங்களை வாங்கிச் சேர்த்துத் தோட்டத்தை இரு மடங்காக்கினார். கடல் கடந்து போகும் மாலுமிகள், மருத்துவர்கள், குடியேற்ற அதிகாரிகள் ஆகியோருக்குக் கடிதம் எழுதி, கண்ணில் படும் விலங்கு, விதை, எலும்பு, கல் எல்லாவற்றையும் அனுப்பச் சொன்னார். அனுப்பியவர்களுக்கு அரசர் பெயரால் பட்டமும் கொடுத்தார். உலகம் பெட்டி பெட்டியாகப் பாரீசுக்கு வந்து இறங்கியது.

அந்தப் பெட்டிகளில் சில நம் கரையிலிருந்தும் போயின. புதுச்சேரியில் தங்கி, தென்னிந்தியாவின் செடிகளையும் பறவைகளையும் சேகரித்த பியேர் சொனெரா, 1782-இல் தன் பயணநூலை வெளியிட்டார். சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் இன்றும் இருப்பது அவர் பெயர்தான். அவர் கொண்டுபோன உலர்ந்த செடிகளில் பலவற்றை எடுத்து வைத்து, தாவரக் கலைக்களஞ்சியம் ஒன்றுக்காக விவரித்து எழுதியவர் அப்போது தாவரவியலாளராக இருந்த லமார்க். பின்னால், 1816 முதல் 1822 வரை, லெஷனோ என்ற சேகரிப்பாளர் புதுச்சேரியிலிருந்து மீன்களை அனுப்பினார். 1828 முதல் வெளிவந்த குவியேயின் மீன் நூல் வரிசையில் அவை புதிய சிற்றினங்களாக இடம்பெற்றன.

குவித்து வைத்தால் ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டால் கேள்வி வரும். புஃபோனுக்கு அந்தக் கேள்வி கழுதையின் வடிவில் வந்தது.

1749-இல் தொடங்கி அவர் எழுதிய 'இயற்கை வரலாறு' 36 தொகுதிகளாக விரிந்தது. அதன் நான்காம் தொகுதி 1753-இல் வந்தது. குதிரையையும் கழுதையையும் அருகருகே வைத்துப் பார்த்த அவர், இவை இரண்டும் பங்காளிகளா, ஒரே மூதாதையின் கொடிவழியா என்று கேட்டார். அதை ஒப்புக்கொண்டால் மனிதனும் குரங்கும் ஒரே குடும்பம் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். பிறகு எல்லா விலங்குகளுமே காலப்போக்கில் ஒன்றிலிருந்து வந்தவை என்பதற்கும் தடை இராது. இவ்வளவையும் தெளிவாக எழுதிவிட்டு, வேதம் அப்படிச் சொல்லவில்லை, ஆகவே அது உண்மையில்லை என்று முடித்தார். காரணம் அதே தொகுதியிலேயே அச்சாகியிருக்கிறது. பூமியின் வரலாறு பற்றி அவர் முன்பு எழுதியவற்றைப் பாரீசின் இறையியல் பீடம் கண்டித்தது. அந்தக் கண்டனக் கடிதமும் புஃபோனின் பணிவான பின்வாங்கலும் அதில் உள்ளன. கேள்வியும் அதை வாயடைத்த கையும் ஒரே அட்டைக்குள்.

ஆனாலும் அவர் சும்மா இருக்கவில்லை. சொந்த ஊரான மோன்பாருக்கு அருகில் அவருக்கு இரும்பு உலைகள் இருந்தன. வெவ்வேறு அளவு இரும்பு உருண்டைகளைப் பழுக்கக் காய்ச்சி, எவ்வளவு நேரத்தில் ஆறுகின்றன என்று அளந்தார். பூமியும் ஒருகாலத்தில் அப்படிக் கொதித்து ஆறிய உருண்டைதான் என்று கணக்குப் போட்டு, அதன் வயது சுமார் 75,000 ஆண்டு என்று 1778-இல் வெளியிட்டார். ஆறாயிரம் ஆண்டுதான் உலகம் என்று நம்பியிருந்த காலம் அது. வெளியிடாத கையெழுத்துப் படியில் அவர் முப்பது லட்சம் ஆண்டுவரை போயிருந்தார். இன்றைய கணக்கான 450 கோடி ஆண்டுக்கு முன் இரண்டுமே சிறு தொகைதான். ஆனாலும் காலத்தை அளக்க முடியும், அதற்கு வேத நூல் தேவையில்லை, ஓர் உலையும் கடிகாரமும் போதும் என்று காட்டியது அவருடைய பெரிய காரியம். நீண்ட காலம் கையில் இல்லாமல் பரிணாமம் பற்றி யாரும் பேசியிருக்க முடியாது.

லமார்க்கைத் தூக்கிவிட்டவரும் புஃபோன்தான். 1744-இல் பிக்கார்டி பகுதியில், வசதி குறைந்த பிரபுக் குடும்பம் ஒன்றில், பதினோராவது பிள்ளையாகப் பிறந்தவர் லமார்க். பதினேழு வயதில் படையில் சேர்ந்தார். அதிகாரிகள் எல்லாம் விழுந்துபோன ஒரு களத்தில், உத்தரவு வராமல் பின்வாங்க மாட்டேன் என்று நின்று பதவி உயர்வு பெற்றார். உடல்நலம் கெட்டுப் படையை விட்டபிறகு பாரீசில் வங்கி ஒன்றில் வேலை, கொஞ்சம் மருத்துவப் படிப்பு, பிறகு செடிகள். பிரான்சின் தாவரங்களை யாரும் தாமாகவே அடையாளம் காணும்படி, இதுவா அதுவா என்று இரண்டிரண்டாகக் கேட்டு வழிகாட்டும் ஒரு நூலை எழுதினார். புஃபோன் அதை அரசு அச்சகத்தில் அச்சடிக்க ஏற்பாடு செய்தார். அறிவியல் கழகத்தில் இடமும் கிடைத்தது. புஃபோனின் மகனுக்குத் துணையாக ஐரோப்பா சுற்றிவரும் பொறுப்பும் லமார்க்குக்குத்தான். அந்தப் பையன் பின்னர், 1794-இல், பிரெஞ்சுப் புரட்சியின் கில்லட்டினில் தலையை இழந்தான்.

புரட்சி தோட்டத்தை அழிக்கவில்லை. 1793 ஜூன் 10-ஆம் தேதி ஆணையின்படி அரசர் தோட்டம் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகமாயிற்று. பன்னிரண்டு பேராசிரியர் பதவிகள் உருவாயின. பாலூட்டிகளும் பறவைகளும் இருபத்தொரு வயது ழொஃப்ருவாவுக்குப் போயின. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த லமார்க்குக்குக் கிடைத்தவை பூச்சிகளும் புழுக்களும்.

அப்போது யாரும் மதிக்காத துறை அது. உயிர்களை வகைப்படுத்திய லின்னேயஸ், முதுகெலும்பில்லாதவற்றை எல்லாம் பூச்சி, புழு என்று இரண்டே கூடைகளில் போட்டுவிட்டுப் போயிருந்தார். நத்தையும் நட்சத்திர மீனும் மண்புழுவும் ஒரே கூடையில். இருபத்தைந்து ஆண்டுக்காலம் செடிகளோடு வாழ்ந்த மனிதர், அந்த வயதில் புதிய பாடத்தை அடிப்படையிலிருந்து கற்றார். 'முதுகெலும்பற்றவை' என்ற பெயரை உலகுக்குத் தந்தவர் அவர். சிலந்தி இனத்தைப் பூச்சிகளிலிருந்து பிரித்தார். மண்புழு வகைகளுக்குத் தனி வகுப்புக் கொடுத்தார். உயிரியல் என்று நாம் சொல்கிறோமே, அந்தத் துறைக்கு 'பயாலஜி' என்ற சொல்லை 1802-இல் எடுத்தாண்டவர்களில் அவரும் ஒருவர்.

அதுவரை அவரும் மற்றவர்களைப் போலவே சிற்றினங்கள் மாறாதவை என்று நம்பியவர்தான். அவருடைய மனத்தை மாற்றியவை கிளிஞ்சல்கள். மெல்லுடலிகளைக் கவனித்துவந்த நண்பர் புருகியேர் 1798-இல் இறந்துபோக, அந்த வேலையும் லமார்க்கிடம் வந்தது. பாரீசைச் சுற்றியுள்ள சுண்ணாம்புப் படுகைகளில் புதைந்த கிளிஞ்சல்கள் ஏராளம். கடலில் இன்று வாழும் சிப்பிகளோடு அவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்தார். சில அப்படியே ஒத்திருந்தன. சில ஓரளவு ஒத்திருந்தன. சிலவற்றுக்கு இன்று ஒப்பே இல்லை. இடைப்பட்ட வடிவங்களை நிரப்பிக்கொண்டே போனால், ஒரு சிற்றினம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியவில்லை. புலியையும் சிங்கத்தையும் மட்டும் பார்ப்பவருக்கு இந்தச் சங்கடம் வராது. ஆயிரக்கணக்கான கிளிஞ்சல்களைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தவருக்கே வரும்.

அதே நேரத்தில், சில அடிகள் தள்ளி, இன்னொருவர் எலும்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். 1795-இல் ழொஃப்ருவாவின் அழைப்பில் பாரீஸ் வந்த ழோர்ழ் குவியே. மறு ஆண்டு, இருபத்தாறு வயதில், யானைகளைப் பற்றி அவர் வாசித்த கட்டுரை அறிவுலகத்தை உலுக்கியது. பிரெஞ்சுப் படை ஹாலந்தில் கைப்பற்றிக் கொண்டுவந்த தொகுப்பில் இரண்டு யானை மண்டையோடுகள் இருந்தன. ஒன்று இலங்கையிலிருந்து, மற்றொன்று ஆப்பிரிக்காவின் தென்முனையிலிருந்து. கடைவாய்ப் பல்லின் வரிகளையும் தாடையையும் ஒப்பிட்டு, இவை இரண்டும் வெவ்வேறு சிற்றினங்கள் என்று நிறுவினார். சைபீரியாவில் கிடைத்த மாமூத் என்ற யானையினத்தின் எலும்புகள் இவை இரண்டிலுமே சேராதவை. அவ்வளவு பெரிய விலங்கு உலகின் எந்த மூலையிலாவது உயிரோடு இருந்தால் மனிதர் கண்ணில் படாமலா இருக்கும்? ஆகவே அது பூண்டோடு அழிந்துபோனது. ஓர் இனம் முற்றாக அற்றுப்போக முடியும் என்பதை அசைக்க முடியாதபடி காட்டியது இந்த வேலைதான். அதற்கு ஆதாரமாக நின்றவற்றில் ஒன்று இலங்கைக் காட்டு யானையின் தலை.

இங்கேதான் கதை சிக்கலாகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். அழிவைக் கண்டுபிடித்த குவியே, மாற்றத்தை மறுத்தார். பெரும் வெள்ளங்களும் பூகம்பங்களும் வந்து பழைய உயிர்களைத் துடைத்தன, அவ்வளவே; ஒன்று இன்னொன்றாக மாறவில்லை என்றார். மாற்றத்தைக் கண்ட லமார்க்கோ, மனிதன் கொன்று தீர்த்தவை தவிர மற்ற இனங்கள் உண்மையில் அழிவதை நம்பவில்லை. பழைய கிளிஞ்சல் இன்று இல்லையென்றால் அது செத்துத் தொலையவில்லை, வேறாக மாறியிருக்கிறது என்பது அவர் வாதம். அழிவை ஏற்க மனம் வராததே அவரை மாற்றத்தின் பக்கம் தள்ளியது. பரிணாமக் கொள்கைக்கு அழிவு, மாற்றம் இரண்டுமே வேண்டும். ஒரே வளாகத்தில் இருந்த இருவரிடமும் ஆளுக்கு ஒரு பாதி இருந்தது. இருவரும் மற்றவர் பாதியைத் தொடவில்லை.

1800 மே 11 அன்று, தன் வகுப்பின் தொடக்க உரையில், லமார்க் முதன்முறையாக அதை மாணவர்முன் வெளிப்படையாகச் சொன்னார். உயிர்கள் எளியவற்றிலிருந்து தொடங்கி, நெடுங்காலத்தில், சூழ்நிலைக்கு ஏற்ப மாறி வந்தவை. அவருக்கு வயது 55.

பதில் எகிப்திலிருந்து வந்தது. நெப்போலியனின் படையெடுப்போடு 1798-இல் அங்கே போன ழொஃப்ருவா, கல்லறைகளிலிருந்து பதப்படுத்திய பூனைகளையும் முதலைகளையும் ஐபிஸ் பறவைகளையும் சேகரித்தார். ஆங்கிலேயர் அவற்றைப் பறிக்கப் பார்த்தபோது, கொடுப்பதைவிட எல்லாவற்றையும் எரித்துவிடுவேன் என்று மிரட்டிக் காப்பாற்றிக் கொண்டுவந்தார். குவியே அந்த ஐபிசின் எலும்புகளை இன்றைய ஐபிசோடு ஒப்பிட்டார். மாற்றமே இல்லை. இரண்டாயிரம், மூவாயிரம் ஆண்டாகியும் ஓர் இறகுகூட மாறவில்லை. பிறகு எங்கே இருக்கிறது உங்கள் மாற்றம் என்பது கேள்வி.

லமார்க் தடுமாறவில்லை. எகிப்தின் வெயிலும் ஆறும் அன்றுபோலவே இன்றும் இருக்கின்றன; சூழல் மாறாத இடத்தில் பறவை ஏன் மாற வேண்டும், மாறியிருந்தால்தான் வியப்பு என்றார். காலத்தைப் பற்றி அவர் தந்த உவமை இன்னும் அழகானது. மனித ஆயுள் ஒரே ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வோம். கடிகாரத்தின் மணிமுள் நகர்வதை எந்தத் தலைமுறையும் பார்த்திருக்காது. அப்படிப்பட்டவர்கள்தாம் நாம். புஃபோனின் இரும்பு உருண்டைகள் திறந்துவிட்ட நெடுங்காலம் இங்கே வேலை செய்யத் தொடங்குகிறது. அந்தச் சுற்றில் வாதத்தில் வென்றவர் லமார்க் என்பதே என் தீர்ப்பு. அன்றைய சபை அப்படி நினைக்கவில்லை.

1809-இல் 'விலங்கியல் தத்துவம்' என்ற நூலில் கொள்கையை முழுதாக வகுத்தார். சூழல் மாறினால் தேவை மாறும். தேவை மாறினால் பழக்கம் மாறும். பழகப் பழக உறுப்பு வலுக்கும், பயன்படாத உறுப்பு சுருங்கும். அந்த மாற்றம் பிள்ளைகளுக்கும் போகும். மண்ணுக்குள் வாழும் அகழெலியின் மங்கிய கண், சேற்றில் நிற்கும் நாரையின் நெடுங்கால் என்று எடுத்துக்காட்டுகள் பல. ஒட்டகச்சிவிங்கி அதில் ஒரு சின்னப் பத்திதான். நூலின் இறுதியில் விலங்குக் குலங்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து இறங்கும் வரைபடம் ஒன்றைச் சேர்த்தார். மரத்தை விட்டு இறங்கி நிமிர்ந்து நடக்கப் பழகிய குரங்கினம் ஒன்று மனிதனாகியிருக்கலாம் என்றும் எழுதினார், கவனமாக, ஓர் ஊகம்போல.

அவர் எங்கே தவறினார்? பழக்கத்தால் உடலில் வந்த மாற்றம் பிள்ளைக்குப் போகும் என்பதில். கொல்லன் மகனுக்குப் பிறவியிலேயே திரண்ட தோள் வருவதில்லை. ஆனால் இந்த நம்பிக்கை லமார்க் கண்டுபிடித்ததல்ல. அன்று ஏறக்குறைய எல்லோரும் நம்பியது. டார்வினும் கடைசிவரை அதைக் கைவிடவில்லை. 1868-இல் அதற்கு ஒரு விளக்கக் கொள்கையே எழுதினார். பிறகு ஜெர்மானியர் வைஸ்மான் எலிகளின் வாலைத் தலைமுறை தலைமுறையாக வெட்டி, குட்டிகள் வாலோடுதான் பிறக்கின்றன என்று காட்டியது லமார்க்குக்கு எதிரான சான்றாகப் பாடநூல்களில் நிற்கிறது. வாலை வெட்டுவது காயம். அது எலியின் தேவையும் அல்ல, பழக்கமும் அல்ல. லமார்க் சொல்லாத ஒன்றை மறுத்த சோதனை அது. அவருடைய கருத்தை உண்மையில் வீழ்த்தியது, பிறகு வளர்ந்த மரபியல்.

நூல் வந்த ஆண்டு நடந்ததை வானியலாளர் அரகோ தன் நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். அறிவியல் கழகத்தார் பேரரசர் நெப்போலியனைச் சந்திக்க வரிசையில் நின்றார்கள். லமார்க் தன் நூலை நீட்டினார். அவர் ஆண்டுதோறும் வெளியிட்டுவந்த வானிலைக் கணிப்புப் புத்தகம்தான் இது என்று நினைத்த நெப்போலியன், உம் முதுமையை உத்தேசித்துத்தான் வாங்குகிறேன் என்ற பொருளில் கடிந்து, அதை உதவியாளரிடம் தள்ளினார். இது இயற்கை வரலாற்று நூல் என்று சொல்ல முயன்ற அறுபத்தைந்து வயது மனிதர், பேச முடியாமல் அழுதுவிட்டார்.

பிறகு பார்வை மங்கி, முழுக்கவும் போயிற்று. முதுகெலும்பற்ற விலங்குகள் பற்றிய ஏழு தொகுதி நூல் 1815 முதல் 1822 வரை வந்தது. அதன் பிற்பகுதியை அவர் வாயால் சொல்ல, மகள் எழுதினார். 1829 டிசம்பரில் இறந்தார். அடக்கச் செலவுக்குக் குடும்பம் கழகத்தின் உதவியை நாட வேண்டியிருந்தது. மோன்பர்னாஸ் மயானத்தில் நிரந்தரமல்லாத குழி ஒன்றில் புதைத்தார்கள். அந்த எலும்புகள் இன்று எங்கே என்று யாருக்கும் தெரியாது. எலும்பை வைத்து உலக வரலாறு எழுதப்பட்ட தோட்டத்தின் பேராசிரியருக்கு இது நேர்ந்தது.

கழகத்தில் அவருக்கு இரங்கலுரை எழுதியவர் குவியே. 1832 மே மாதம் குவியேயும் இறந்துவிட்டதால், அது அந்த ஆண்டு நவம்பரில் வேறொருவர் குரலில் வாசிக்கப்பட்டது. லமார்க் எழுதிய 'தேவை' அந்த உரையில் 'ஆசை' ஆயிற்று. விலங்கு ஆசைப்பட்டது, உடனே உறுப்பு முளைத்தது என்ற கேலிச்சித்திரம் பரவியது இப்படித்தான். குவியே மாபெரும் அறிஞர். அந்த உரை அவர் பெயரில் படிந்த கறை.

அதற்கு முன்பே, 1830 பிப்ரவரியில், ழொஃப்ருவா குவியேயை எதிர்த்துக் கழகத்தில் நின்றார். எல்லா விலங்குகளின் உடலும் ஒரே அமைப்பின் வேறுபாடுகள் என்றார். கணவாய் மீனையும் முதுகெலும்புள்ளவற்றையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவரப் பார்த்து மாட்டிக்கொண்டார். அன்று வென்றவர் குவியே. ஆனால் கை, இறக்கை, துடுப்பு மூன்றிலும் ஒரே எலும்புகள் ஒரே வரிசையில் இருப்பதைக் காட்டிய ழொஃப்ருவாவின் வழி, பின்னால் பொது மூதாதைக்கான பெரிய சான்றாயிற்று.

கொள்கை கடலைக் கடந்து பிரிட்டன் போன பாதையும் சுவையானது. பாரீசில் படித்துத் திரும்பிய ராபர்ட் கிரான்ட், எடின்பரோவில் பதினேழு வயது மாணவன் ஒருவனிடம் லமார்க்கைப் புகழ்ந்து பேசினார். அந்த மாணவன் சார்லஸ் டார்வின். பின்னர் நிலவியலாளர் லயல், லமார்க்கை மறுப்பதற்காகவே தன் நூலின் இரண்டாம் தொகுதியில் அவர் கொள்கையை விரிவாக எடுத்து எழுதினார். 1832-இல் கப்பல் பயணத்தில் இருந்த டார்வினுக்குத் தென் அமெரிக்காவில் அது கிடைத்தது. இயற்கைத் தேர்வு என்ற புதிய விசையைக் கண்டவர்கள் டார்வினும் வாலஸும். அதில் லமார்க்குக்குப் பங்கில்லை. நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் லமார்க்கைத் தள்ளிப் பேசிய டார்வின், 1861-இல் தன் நூலின் மூன்றாம் பதிப்புக்கு எழுதிய வரலாற்று முன்னுரையில் அவருக்கு உரிய முதலிடத்தைக் கொடுத்தார்.

'விலங்கியல் தத்துவம்' வெளிவந்து நூறாண்டு நிறைந்த 1909-இல், பல நாட்டவர் கொடுத்த நன்கொடையில், தோட்ட வாசலில் லமார்க்குக்குச் சிலை எழுந்தது. பரிணாமக் கொள்கையின் நிறுவனர் என்று பீடத்தில் பொறித்தார்கள். பின்புறப் புடைப்புச் சிற்பத்தில் கண்ணிழந்த கிழவரும் அவர் பக்கத்தில் மகளும்.

நமக்கு இன்னும் அருகிலேயே அவருடைய கைச்சுவடு ஒன்று உண்டு. தூத்துக்குடிக் கடலில் முக்குளிப்போர் மூழ்கி எடுக்கும் சங்கு, கோயிலில் ஊதுவதும் வலம்புரியாக வாய்த்தால் போற்றப்படுவதுமான அதே சங்கு, அறிவியலில் 'டர்பினெல்லா' என்ற பேரினத்தைச் சேர்ந்தது. அந்தப் பெயரை இட்டவர் லமார்க். ஆண்டு 1799, மாணவர்முன் அந்த உரையை நிகழ்த்துவதற்கு முந்தைய ஆண்டு.